தாய்லாந்தின் ஹட்யாய்க்குக் காரில் போகிறீர்களா? முதலில் கிராண்டை (காரின் பதிவுச் சான்றிதழை) எடுத்துப் பாருங்கள்

பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை இரவுகளில் கைப்பேசியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுப்பேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் வாகனக் காப்புறுதி (இன்சூரன்ஸ்) முகவராக இருக்கிறேன், பத்தொன்பது வருடமாக. அந்த இரவுகளில் வரும் அழைப்புகள் பெரும்பாலும் எல்லைக்கு முன் இருக்கும் சங்லூன் ஊரிலிருந்தோ, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைச் சாவடி வரிசையிலிருந்தோதான் வரும். "அண்ணே, கிராண்ட் வீட்டுல இருக்கு, படம் எடுத்து அனுப்பச் சொல்றேன், போதுமா?" "சார், நம்ம பாலிசியிலேயே தாய்லாந்தும் சேர்ந்திருக்குல்ல?"

இரண்டுக்குமே பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னிருக்கையில் பிள்ளைகள் கூச்சல் போடுவது எனக்குக் கேட்கும். ஒரு மாதமாகக் காத்திருந்த பயணமாக இருக்கும். அந்த நேரத்தில் அப்படிச் சொல்வது எத்தனை வருடமானாலும் பழகவில்லை. அதனால்தான் விடுமுறைக்கு முன்பே இதை எழுதுகிறேன்.

பிறையில் நெடுஞ்சாலை ஏறினால் சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், ஜித்ரா என்று ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் எல்லை வந்துவிடும். அங்கிருந்து ஹட்யாய்க்கு இன்னும் ஓர் அறுபது கிலோமீட்டர் போல. கோலாலம்பூர் போவதில் பாதித் தூரம்தான். அங்கேயும் இடப்பக்கமாகத்தான் ஓட்டுகிறார்கள். பாதிக் கடைகளில் மலாயில் பேசியே சமாளித்துவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் சிக்கலே. வெளிநாட்டுக்குப் போகிறோம் என்ற எண்ணமே வருவதில்லை. ஆளுக்கொரு கடப்பிதழை மறக்காமல் எடுத்து வைப்பார்கள். காரும் கூடவே நாடு தாண்டுகிறது என்பது மட்டும் நினைவில் இருக்காது. தாய்லாந்து சுங்கத்துறையின் கணக்கில் உங்கள் கார், தற்காலிகமாக உள்ளே வரும் ஒரு சரக்கு. அது யாருடையது, யார் கொண்டு வருகிறார், எப்போது திரும்பப் போகும் என்பதற்கெல்லாம் தாள் வேண்டும்.

அதனால் முதல் வேலையாக கிராண்டை எடுத்து, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். நம் குடும்பங்களில் கார் ஒருவர் பெயரில் இருக்கும், ஓட்டுவது இன்னொருவராக இருக்கும். அப்பா பெயரில் வாங்கி மகன் ஓட்டுவான். கடன் யாருக்குக் கிடைத்ததோ அவர் பெயரில் பதிவாகியிருக்கும். உள்ளூரில் ஓடும் வரை இது ஒரு பொருட்டே இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் பிறையிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பியது. பெரியவர்கள் நான்கு பேர், பிள்ளைகள் மூன்று பேர். தம்பியின் கார் சின்னது என்பதால் அக்காவின் ஏழு இருக்கை வண்டியை வாங்கிக்கொண்டு போனார்கள். அக்காவுக்கு வேலை இருந்ததால் அவர் வரவில்லை. மலேசியப் பக்கம் எந்தச் சிக்கலும் இல்லை. தாய்லாந்து சுங்க முகப்பில் அந்த அதிகாரி கிராண்டில் இருந்த பெயரை விரலால் தொட்டுக் காட்டினாராம். பிறகு தம்பியின் கடப்பிதழில் இருந்த பெயரைத் தொட்டுக் காட்டினாராம். வேறு ஒன்றும் பேசவில்லை. அக்காவிடமிருந்து ஒரு கடிதம் இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அது இல்லாததால் திரும்பி வந்து, சங்லூனில் காரை நிறுத்திவிட்டு, வேன் பிடித்து ராத்திரி ஹட்யாய் போய்ச் சேர்ந்தார்கள். பாட்டிக்கு எழுபத்து நான்கு வயது. அந்த வேனில் கால் நீட்டக்கூட இடம் இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

உரிமையாளர் உடன் வரவில்லையா? யார் ஓட்டுகிறார், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று தெளிவாக எழுதி, கையெழுத்திட்டு, அவருடைய அடையாள அட்டை நகலையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சத்தியப் பிரமாண ஆணையரிடம் முத்திரை வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. நிறுவனத்தின் கார் என்றால் நிறுவனத்தின் கடிதத்தாளில் அனுமதி வேண்டும். கடன் இன்னும் முடியவில்லை என்றால் வங்கியிடமும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வங்கிக் கடிதம் கைக்கு வர நாளாகலாம், அதனால் இரண்டு வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். உரிமையாளர் காலமாகி, பெயர் மாற்றாமலே ஓடிக்கொண்டிருக்கும் கார் என்றால், தயவு செய்து அந்தக் காரில் எல்லைக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று. 2023 பிப்ரவரியிலிருந்து சாலை வரியும் ஓட்டுநர் உரிமமும் இங்கே கைப்பேசியிலேயே வந்துவிட்டன. பலர் கண்ணாடியில் வில்லை ஒட்டுவதையே விட்டுவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் ஒரு போலீஸ்காரர் அந்தத் திரையைப் பார்த்துத் தலையாட்டுவார் என்று நம்பிப் போகாதீர்கள். சாலை வரியை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமத்தை அட்டையாகவே கொண்டு போங்கள். ஆசியான் நாடுகள் ஒன்றின் உள்நாட்டு உரிமத்தை மற்றொன்று ஏற்க வேண்டும் என்று 1985இல் கோலாலம்பூரில் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதனால் நம் உரிமம் அங்கே செல்லும். ஆனால் அது கையில் இருக்க வேண்டும்.

சரி, இப்போது என் தொழிலுக்கு வருகிறேன்.

மலேசியாவில் நாம் எடுக்கும் வழக்கமான வாகனக் காப்புறுதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளில் செல்லும். தாய்லாந்து அதில் இல்லை. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் இல்லை. எத்தனை ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருந்தாலும், எல்லைக் கோட்டைத் தாண்டிய நொடியிலிருந்து உங்கள் காருக்கு அங்கே பாதுகாப்பு கிடையாது. பயணத் தேதிகளைச் சொல்லி, கூடுதல் கட்டணம் கட்டி, தாய்லாந்துக்கான நீட்டிப்பை வாங்க வேண்டும். உங்கள் முகவரோ நிறுவனமோ ஒரே நாளில் செய்து கொடுத்துவிடுவார்கள்.

இது ஒரு தாள். இன்னொரு தாளும் வேண்டும். தாய்லாந்தில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி சாலையில் ஓடும் எல்லா வண்டிக்கும் கட்டாயக் காப்புறுதி இருந்தாக வேண்டும். வெளிநாட்டு வண்டிக்கும் அதே சட்டம்தான். சங்லூனில் சாலையோரக் கடைகளில் விற்பது அதைத்தான். கட்டணம் பெரிதாக இருக்காது. ஆனால் அது எதற்கு என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். விபத்தில் அடிபட்ட மனிதர்களுக்கான சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் மட்டும்தான் அது. உங்கள் கார் நொறுங்கினாலும், எதிரே வந்த கார் நொறுங்கினாலும் அந்தத் தாளிலிருந்து ஒரு காசு வராது. எதிர்த்தரப்பு வண்டிச் சேதத்தையும் சேர்த்துத் தரும் தாய்லாந்துப் பத்திரமும் உண்டு. என்னைக் கேட்டால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இந்த இரண்டு தாள்களைக் குழப்பிக்கொண்டதால் என் வாடிக்கையாளர் ஒருவர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. எல்லைக்கு அப்பால் சாடாவ் ஊருக்கு வெளியே, மாலை மழையில், பக்கவாட்டுத் தட்டு கட்டிய மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே திரும்பியிருக்கிறது. இடித்துவிட்டார். ஓட்டிய தாய்லாந்துக்காரருக்குக் கால் எலும்பு முறிந்தது. எல்லையில் வாங்கிய கட்டாயக் காப்புறுதி இருந்ததால் அந்த மருத்துவச் செலவுக்கு வழி பிறந்தது. ஆனால் இவர் காரின் முன்பக்கம் முழுதும் போய்விட்டது. ரேடியேட்டர், பானெட், இரண்டு விளக்குகள். நீட்டிப்பு வாங்கவில்லை. "இன்சூரன்ஸ்தான் எல்லையில வாங்கினேனே அண்ணே" என்று போலீஸ் நிலையத்திலிருந்து சொன்னார். பின்னால் அவர் மகள் அழுதுகொண்டிருந்தாள். எல்லை வரை ஓர் இழுவை வண்டி, எல்லையிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இன்னொன்று, பிறகு பட்டறைச் செலவு என்று எல்லாம் சேர்த்துப் பதினோராயிரம் வெள்ளிக்கு மேல் அவர் கைக்காசு போனது.

அந்த வருடம் ஜனவரியில் அவருக்குப் பாலிசி புதுப்பித்துக் கொடுத்தது நான்தான். தாய்லாந்துக்குப் போவீர்களா என்று கேட்கவில்லை. அதிலிருந்து புதுப்பிக்க வருகிற ஒவ்வொருவரையும் கேட்கிறேன்.

விபத்து நடந்துவிட்டால் என்ன செய்வது? தாய்லாந்தில் காப்புறுதி நிறுவனத்தின் ஆய்வாளர் சம்பவ இடத்துக்கே வந்து பார்ப்பது வழக்கம். அதனால் பத்திரத்தில் இருக்கும் எண்ணுக்கு உடனே அழையுங்கள். பதற்றத்தில் ரோட்டிலேயே பணத்தைக் கொடுத்து முடித்துவிடாதீர்கள். படம் எடுங்கள், அங்குள்ள போலீஸ் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். நாடு திரும்பியதும் இங்கேயும் போலீஸ் புகார் கொடுங்கள். நம் வாகனப் பாலிசியில், மருத்துவமனையில் படுக்கும் அளவுக்குக் காயம் இல்லாதவர் 7 நாளுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருக்கிறது. மச்சானும் மாறி மாறி ஓட்டப் போகிறார் என்றால் அவர் பெயரையும் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி இடித்தால் இழப்பீட்டில் 400 வெள்ளி உங்கள் பங்காகக் கழியும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2010 நவம்பரில் ஹட்யாய் மூழ்கியது. 2025 நவம்பரில் அதைவிட மோசமாக மூழ்கியது. ஆயிரக்கணக்கான மலேசியர்கள் விடுதி மாடிகளில் சிக்கிக்கொண்டார்கள், கார்கள் கீழே தண்ணீருக்குள் நின்றன. முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் தானாகச் சேராது, தனியாகச் சேர்க்க வேண்டும் என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. ஆண்டிறுதியில் போகிறவர்கள் வெள்ளப் பாதுகாப்பு இருக்கிறதா, தாய்லாந்து நீட்டிப்பிலும் அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மழை எச்சரிக்கை வந்துவிட்டால் விடுதிக்குக் கட்டிய முன்பணத்தை நினைத்து மனம் வருந்தாதீர்கள். பயணத்தைத் தள்ளிப் போடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள்தான், ஆனால் வரிசையில் நிற்கும்போது பெரிதாகிவிடும். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் எல்லோரும், குழந்தை உட்பட, இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். வந்து சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். அது இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். குழந்தைகளின் கடப்பிதழில் ஆறு மாதமாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஞாயிறு மாலை திரும்பும்போது கடையில் நேரம் பார்த்து ஏமாந்து, எல்லை மூடும் நேரத்தில் போய் நிற்காதீர்கள். காருக்காகச் சுங்கத்துறை கொடுத்த அனுமதித் தாளைத் திரும்பும்போது ஒப்படைக்க வேண்டும். அதைக் கண்ணாடி மேல் வீசிவிட்டுத் தேடாதீர்கள்.

வளர்ந்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையும் பேசிவிடுங்கள். வேப் (மின் சிகரெட்) அங்கே தடை செய்யப்பட்ட பொருள், பையில் இருந்தாலே சிக்கல். திரும்பும்போது பலகாரம், மிட்டாய், பானம் எதுவானாலும் கஞ்சா இலைப் படம் இருந்தால் கையால்கூடத் தொட வேண்டாம். அந்த ஊர்க் கடையில் விற்கிறார்களே என்ற சமாதானம் புக்கிட் காயு ஹீத்தாமில் எடுபடாது.

கடைசியாக ஒரு வேலை. ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: சுற்றுலாப் போலீஸ் 1155, போலீஸ் 191, ஆம்புலன்ஸ் 1669, தாய்லாந்துக் காப்புறுதிப் பத்திரத்தில் இருக்கும் தொலைபேசி எண், உங்கள் முகவரின் எண். ஓட்டுநர் இருக்கைக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பின் பின்னால் அதை ஒட்டி வையுங்கள். கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்த இரவில் அந்தத் தாளைப் பார்த்து, பக்கத்துப் பெட்ரோல் நிலையத்தில் தொலைபேசி கேட்டு எனக்கு அழைத்தவர்கள் இருக்கிறார்கள்.