அல்சேஷன் எந்த ஊர் நாய்?

நம் பக்கத்தில் நாய் இனத்துக்குப் பெயர் பெரும்பாலும் ஊரிலிருந்து வரும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். கோம்பை தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பழக்கத்தோடு ‘அல்சேஷன்’ என்ற சொல்லைக் கேட்பவர், அல்சேஸ் என்று ஓர் ஊர் இருக்கும், இந்த நாய் அங்கேதான் பிறந்திருக்கும் என்று நினைத்தால் குறை சொல்ல முடியாது. சொல்லின் அமைப்பும் அப்படித்தான். ‘அல்சேஸைச் சேர்ந்தது, அல்சேஸ்காரர்’ என்பதே ஆங்கிலத்தில் அதன் நேர்ப்பொருள். அல்சேஸ் என்ற இடமும் உண்மையில் உண்டு. நாய்தான் அந்த இடத்தைச் சேர்ந்தது கிடையாது.

அல்சேஸ் என்பது பிரான்சின் கிழக்கு ஓரத்தில் ரைன் ஆற்றை ஒட்டிய பகுதி. அதன் பெரிய நகரம் ஸ்ட்ராஸ்பூர். ஜெர்மன் மொழியில் எல்சாஸ், பழைய இலத்தீனில் அல்சாட்டியா. ஆங்கிலச் சொல் இந்த இலத்தீன் வடிவத்திலிருந்து வந்தது. 1871-ல் பிரான்சைத் தோற்கடித்த ஜெர்மனி இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போர் முடிந்ததும் பிரான்சு திரும்பப் பெற்றது. நாய்க்கு இந்தப் பெயர் விழுந்தது இந்தக் கைமாறலை ஒட்டித்தான்.

நாய் உருவான கதை நடந்தது ஜெர்மனியில். அங்கே செம்மறி மேய்த்தவர்கள் வட்டாரத்துக்கு ஒரு வகை நாய் வைத்திருந்தார்கள். துரிங்கியா பக்கத்து நாய்களுக்குக் காது விறைத்து நிற்கும், நிறம் ஓநாய்ச் சாம்பல். வூர்ட்டெம்பெர்க் பக்கத்து நாய்கள் உருவில் பெரியவை. மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரிக்கு இவற்றையெல்லாம் சேர்த்து ஒரே இனமாக்கும் ஆசை இருந்தது. 1899 ஏப்ரலில் கார்ல்ஸ்ரூவே நகரத்து நாய்க் கண்காட்சியில் ஹெக்டர் என்றொரு நாய் அவர் கண்ணில் பட்டது. அதை வாங்கி, ஹோராண்ட் வான் கிராஃப்ராத் என்று புதுப் பெயரும் வைத்தார். அதே மாதம் நண்பர் ஒருவரோடு சேர்ந்து இனத்துக்கென்று ஒரு சங்கத்தையும் தொடங்கினார். சங்கத்தின் பதிவேட்டில் முதல் எண் ஹோராண்டுக்கு. அவர்கள் இனத்துக்கு இட்ட பெயர் ‘டாய்ச்சர் ஷேஃபர்ஹுண்ட்’. அதன் ஆங்கில வடிவம்தான் ஜெர்மன் ஷெப்பர்டு டாக்.

சரி, அல்சேஸ் எப்படி உள்ளே நுழைந்தது? போரால்தான். 1914-க்குப் பிறகு பிரிட்டனில் ‘ஜெர்மன்’ என்று தொடங்கும் எதையும் மக்களுக்குப் பிடிக்காமல் போனது. அரச குடும்பமே 1917-ல் தன் ஜெர்மன் குடும்பப் பெயரைக் கைவிட்டு ‘வின்ட்சர்’ ஆகிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் போர்முனையில் இந்த நாய்கள் செய்தி சுமந்து ஓடியதையும், காயம்பட்டுக் கிடந்தவர்களைத் தேடிக் கண்டுபிடித்ததையும் நேரில் பார்த்துத் திரும்பியவர்களுக்கு அவற்றின் மேல் ஒரு மோகம் வந்திருந்தது. நாய் வேண்டும், பெயர் வேண்டாம். எல்லையிலேயே இருந்த, அப்போதுதான் நட்பு நாடான பிரான்சின் கைக்குத் திரும்பிய அல்சேஸ் அதற்கு வசதியாகக் கிடைத்தது. ‘அல்சேஷன் ஓநாய் நாய்’ என்று பெயர் சூட்டினார்கள். பிரிட்டனின் கென்னல் கிளப் 1919-ல் இந்த இனத்தைப் பதிவுக்கு எடுத்தபோது சேர்ந்தவை 54 நாய்கள். 1926-ல் அந்த எண்ணிக்கை 8,000-ஐத் தாண்டியிருந்தது. அமெரிக்கர்கள் அவ்வளவு சுற்றி வளைக்கவில்லை. ‘ஜெர்மன்’ என்பதை மட்டும் வெட்டிவிட்டு ‘ஷெப்பர்டு டாக்’ என்று வைத்துக்கொண்டார்கள். 1931-ல் வெட்டியதைத் திரும்ப ஒட்டினார்கள்.

அந்தப் பெயரின் பின்பாதியான ‘ஓநாய்’ செய்த கெடுதல் முன்பாதியைவிட அதிகம் என்பது என் எண்ணம். ஆட்டைக் காக்கப் பழக்கிய நாய்க்கு ஆட்டைக் கொல்லும் விலங்கின் பெயர்! ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணைக்காரர்கள் இதை ஓநாய் ரத்தம் என்றே நம்பினார்கள். அங்குள்ள காட்டு நாயான டிங்கோவோடு இது கலந்தால் மந்தைகளே மிஞ்சாது என்று பயந்தார்கள். 1920-களின் கடைசியில் அந்த நாடு இந்த இனத்தின் இறக்குமதிக்கே தடை போட்டது. தடை முழுவதும் நீங்க 1970-கள் ஆயின. இத்தனைக்கும் எல்லா நாயும் ஓநாய் வழி வந்ததுதான். நிமிர்ந்த காதும் சாம்பல் நிறமும் தவிர, இதற்கென்று தனியாக ஓநாய் உறவு கிடையாது. உண்மையில் ஓநாயோடு கலந்து உருவாக்கிய இனம் ஒன்று இருக்கிறது: 1955-ல் செக்கோஸ்லோவாகியாவில், ஜெர்மன் ஷெப்பர்டையும் கார்பாத்திய மலை ஓநாயையும் சேர்த்துத் தொடங்கிய சோதனையில் வந்தது. ‘ஓநாய் நாய்’ என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும்.

நல்லவேளையாக பிரிட்டனில் ஓநாய் உதிர்ந்துபோனது. அல்சேஷன் மட்டும் ஐம்பது ஆண்டுக்கு மேல் நின்றது. 1977-ல்தான் கென்னல் கிளப் மறுபடி ஜெர்மன் ஷெப்பர்டு என்று பதிவு செய்ய ஒப்புக்கொண்டது. அப்போதும் அடைப்புக்குறிக்குள் அல்சேஷன் ஒட்டிக்கொண்டே இருந்தது, 2010 வரை.

இந்தியாவுக்கு இந்தச் சொல் வந்தது பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில். துரைமார் பங்களா, தோட்ட பங்களா, அப்புறம் ஜமீன் வீடு என்று இறங்கி வந்தது. துப்பறியும் கதைகளில் பணக்காரர் வீட்டு கேட்டுக்குப் பின்னால் குரைப்பது எப்போதும் அல்சேஷன்தான். பிரிட்டனில் பெயர் மாறிய சேதி நம் தெருவுக்கு வந்து சேரவே இல்லை. இன்றும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அல்சேஷன் என்கிறார்கள், பிள்ளைகள் ஷெப்பர்டு என்கிறார்கள், இரண்டும் தெரியாத பாட்டி ‘போலீஸ் நாய்’ என்கிறார்.

இரண்டு பெயர் புழங்குவதால் வந்த ஒரு வம்பையும் சொல்ல வேண்டும். ‘அல்சேஷன் வேற, ஜெர்மன் ஷெப்பர்டு வேற’ என்று குட்டி விற்கிறவர்களில் சிலர் அடித்துச் சொல்வார்கள். முடி நீளமாக இருந்தால் ஷெப்பர்டாம், குட்டையாக இருந்தால் அல்சேஷனாம். சில இடங்களில் இது தலைகீழாக இருக்கும். இரண்டும் ஒரே இனம். ஒரே இனத்துக்குள்ளேயே குட்டை முடியும் நீள முடியும் உண்டு. கண்காட்சிக்கென்று வளர்த்த வம்சத்தில் முதுகு பின்பக்கம் சரிந்திருக்கும், வேலைக்கென்று வளர்த்த வம்சத்தில் அவ்வளவு சரிவு இருக்காது. இந்த வேறுபாடுகளுக்கும் பெயருக்கும் தொடர்பில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கென்னல் கிளப்பின் சான்றிதழிலும் இனத்தின் பெயர் ஜெர்மன் ஷெப்பர்டுதான்.

இனி மூலப்பெயருக்கு வருவோம். ஜெர்மன் மொழியில் ‘ஷாஃப்’ என்றால் செம்மறி. செம்மறி மேய்ப்பவர் ‘ஷேஃபர்’. ‘ஹுண்ட்’ நாய். ஆக ஷேஃபர்ஹுண்ட் என்பது செம்மறி மேய்ப்பவருடைய நாய். நாயே மேய்ப்பன் என்று அந்தச் சொல் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் ‘டாக்’ என்ற கடைசிச் சொல்லைப் பேச்சில் விட்டுவிடுவதால் அந்த வேறுபாடு மறைந்துபோகிறது.

இந்த நாய் செய்த வேலை என்ன என்று பார்த்தால் பெயர் இன்னும் விளங்கும். ஆட்டு நாய் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது பார்டர் கோலி: சிதறிக் கிடக்கும் ஆடுகளைச் சுற்றி வளைத்து, பதுங்கிப் பதுங்கிக் கண்ணாலேயே மிரட்டி, மேய்ப்பரிடம் ஓட்டி வரும். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே வேலி இல்லாத புல்தரையில் ஆடுகள் மேயும், ஒட்டியே அடுத்தவர் பயிர் நிற்கும். ஆடு ஒரு வாய் பயிரில் வைத்தாலும் சண்டை. எனவே நாயின் வேலை எல்லைக்கோட்டில் நாள் முழுக்க மேலும் கீழும் ஓடிக்கொண்டிருப்பது. அந்தக் கோடு உழுசால் ஒன்றாகவோ சாலை ஓரமாகவோ இருக்கும். கோட்டைத் தாண்டும் ஆட்டை உள்ளே தள்ள வேண்டும், மற்றபடி மந்தைக்குத் தொந்தரவு தரக்கூடாது. நடமாடும் வேலி என்று சொல்லலாம். ஜெர்மனியில் இன்றும் இந்த இனத்துக்கு மந்தையோடு தேர்வு வைத்துச் சான்று தருகிறார்கள்.

இப்போது தமிழ். ‘ஜெர்மன் மேய்ப்பன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். படித்தால் ஜெர்மனியிலிருந்து வந்த பாதிரியாரோ என்று தோன்றுகிறது. அந்தச் சொல் நமக்குத் தேவாலயத்தில் அவ்வளவு பழக்கம். ‘மேய்ச்சல் நாய்’ என்றால் நாயே புல் மேய்கிற மாதிரி இருக்கிறது. ‘இடையன் நாய்’ பொருளில் நெருக்கமானது, ஆனால் சாதிப் பெயராகவும் ஒலிக்கும், தவிர்ப்பதே நல்லது. எனக்கு ஆசையாக இருந்த சொல் ‘கிடை நாய்’. ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் கீதாரிகள் அறுவடை முடிந்த வயலில் இரவில் செம்மறிகளைக் கிடை போடுவார்கள், புழுக்கை உரத்துக்காக. கூடவே காவலுக்கு நாய் இருக்கும். ஆனால் அந்த நாயின் வேலை நரியையும் திருடனையும் விரட்டும் இரவுக் காவல். பகலில் எல்லை பார்க்கும் வேலையோடு அதைக் குழப்பக்கூடாது. கடைசியில் மிஞ்சுவது ‘மேய்ப்பு நாய்’. இது வேலையைச் சொல்கிறது, ஆளைச் சுட்டவில்லை, வேறெதையும் நினைவூட்டவில்லை. பார்டர் கோலி முதல் பெல்ஜியன் ஷெப்பர்டு வரை மொத்த வகைக்குமே இதைப் பொதுப்பெயராக வைக்கலாம். இந்த இனத்துக்கு ‘ஜெர்மன் மேய்ப்பு நாய்’. எழுத்தில் அப்படி எழுதுங்கள், கால்நடை மருத்துவரிடம் போனால் ஜெர்மன் ஷெப்பர்டு என்றே சொல்லுங்கள், அவருக்கு அதுதான் வேண்டும்.

பெயரின் பொருள் தெரிந்தால் வளர்ப்பில் பாதி தெரிந்த மாதிரி. நாள் முழுக்க ஓடப் பழக்கிய உடல் இது. வளர்ந்த ஆண் 60 முதல் 65 செ.மீ. உயரம், 30 முதல் 40 கிலோ எடை இருக்கும். பெண் அதைவிடச் சற்றுச் சிறியது. இதைக் கேட்டில் கட்டிப்போட்டு ‘நாய்கள் ஜாக்கிரதை’ பலகை மாட்டிவிட்டால், ஓட வேண்டிய வெறி எல்லாம் குரைப்பாகவும் கடியாகவும் வெளியே வரும். அப்புறம் ‘இந்த இனமே முரடு’ என்று பழி. காலையும் மாலையும் நல்ல நடையும் ஓட்டமும் வேண்டும், நம் வெயிலில் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும்தான். தார்ச்சாலை சூடாக இருந்தால் பாதம் கொப்பளிக்கும். முடி இரண்டு அடுக்கு: மேலே முரட்டு முடி, அடியில் பஞ்சு மாதிரி மென்முடி. கோடைக்கு இதமாக இருக்கும் என்று மொட்டை அடிக்காதீர்கள், அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. வாரத்தில் சில நாள் சீவினால் போதும், உண்ணி இருந்தாலும் அப்போதே கண்ணில் படும். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். குட்டி வாங்கும்போது தாய் தகப்பனுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். அல்சேஷனா ஷெப்பர்டா என்று கேட்பதைவிட அது உபயோகம்.

பழக்குவது கடினமில்லை. எல்லை காக்கும் புத்தி இருப்பதால் வீட்டின் எல்லையைத் தானே வகுத்துக்கொள்ளும், புதியவர்களைச் சந்தேகப்படும். ஆகவே குட்டியிலேயே தெரு, சந்தை இரைச்சல், குழந்தைகள், குடை பிடித்த ஆள் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும். ‘சிட்’, ‘ஸ்டே’ என்று ஆங்கிலத்தில்தான் கட்டளை கொடுக்க வேண்டும் என்று சிலர் நம்புகிறார்கள். ஜெர்மனியில் அதே நாய் ‘ஸிட்ஸ்’, ‘ப்ளாட்ஸ்’ என்பதற்கு உட்கார்ந்து படுக்கிறது. ‘உக்காரு’ என்றாலும் உட்காரும், வீட்டில் எல்லோரும் அதே சொல்லைச் சொன்னால்.

போலீஸ், ராணுவ வேலை எல்லோருக்கும் தெரிந்தது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களும் இந்த இனத்தில்தான் தொடங்கின. போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பூர்க் நகரத்தில் முதல் பள்ளி வந்தது. பிரிட்டனில் 1931-ல் பயிற்சி முடித்த முதல் நான்கு வழிகாட்டி நாய்களும் இதே இனம். அன்றைக்கு அவர்களுக்கு அவை அல்சேஷன்கள்.

சமீப காலமாகச் செய்திகளில் ‘பெல்ஜியன் மாலினோய்ஸ்’ என்று ஒரு நாய் அடிபடுகிறது. பாதுகாப்புப் படைகள் விரும்பி எடுக்கும் இந்த நாயையும் பார்த்தவுடன் பலர் அல்சேஷன் என்றுவிடுகிறார்கள். இதுவும் மேய்ப்பு நாய் வகைதான். ஆனால் இனம் வேறு, உடல் இன்னும் ஒல்லி, முகம் கறுப்பு. மாலின் என்பது பெல்ஜியத்தில் மெகெலென் நகரத்தின் பிரெஞ்சுப் பெயர். இந்த நாய் உண்மையிலேயே அந்த ஊர்ப் பக்கத்தது.