டத்தோ பண்டார் திங்கட்கிழமை சைக்கிள் மிதித்தால்

முழங்கை ரோஷக்கார மூட்டு. சில வாரம் மடக்கிக் கட்டிப்போட்டால், கட்டை அவிழ்த்த பிறகு நீள மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சைக்கிளிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். அதனால்தான் மணிக்கட்டும் முழங்கையும் காறை எலும்பும் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளைத் தேடி வருகின்றன.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் என்னிடம் வரும் சைக்கிள்காரர்கள் இரண்டு வகை. ஞாயிற்றுக்கிழமைக்காரர்களிடம் பல ஆயிரம் வெள்ளி சைக்கிள், நல்ல ஹெல்மெட், பளிச்சென்ற சட்டை எல்லாம் இருக்கும். வளைவில் வேகமாகத் திரும்பிச் சறுக்கியிருப்பார்கள். திங்கட்கிழமைக்காரர்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவவும் பசாரில் மூட்டை இறக்கவும் விடியுமுன் கிளம்புகிறவர்கள். அதில் பலர் வேலை பெர்மிட்டில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்கள் சைக்கிளில் பின்விளக்குகூட இருக்காது. கை உடைந்ததைவிட அந்த மாதச் சம்பளம்தான் அவர்களுக்குக் கவலை.

சைக்கிள் பிரியரான ஒருவர் டத்தோ பண்டாராக, அதாவது நகர மேயராக வந்தால் சாலை பாதுகாப்பாகிவிடுமா என்று அண்மையில் ஒருவர் கேட்டார். அவர் எந்தக் கிழமை மிதிக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றேன்.

2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் மேயர் அந்தோனியோ வில்லரைகோசா சைக்கிளில் போனபோது ஒரு டாக்சி திடீரென்று குறுக்கே வந்தது. அவர் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, அதுதான் நடந்தது. அதற்கப்புறம் வண்டிகள் சைக்கிளை முந்தும்போது மூன்றடி இடம் விட வேண்டும் என்ற சட்டத்துக்காக அவர் குரல் கொடுத்தார். 2011-ல் அந்த மாநகர் ஒரு பெரிய சைக்கிள் பாதைத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. மூன்றடிச் சட்டம் கலிஃபோர்னியாவில் அமலுக்கு வந்தது 2014 செப்டம்பரில்தான். அப்போது அவர் பதவியிலேயே இல்லை.

லண்டன் கதை நமக்கு இன்னும் நெருக்கம், ஏனென்றால் அங்கேயும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடுகின்றன. போரிஸ் ஜான்சன் மேயராக இருந்தபோது சைக்கிளிலேயே திரிந்தவர். 2010-ல் அவர் காலத்தில் திறந்த சைக்கிள் பெருவழிகள் பல இடங்களில் வெறும் நீல வண்ணப் பட்டைகள்தான். அந்த நீலம் ஓட்டுகிறவருக்குப் பொய்யான தைரியத்தைத் தருகிறது என்று மரண விசாரணை அதிகாரி ஒருவரே எச்சரித்தார். 2013 நவம்பரில் இரண்டே வாரத்துக்குள் அந்த நகரில் ஆறு சைக்கிளோட்டிகள் இறந்தார்கள். கல் தடுப்பு வைத்துப் பிரித்த நல்ல பாதைகள் நகர மையத்தில் திறக்க 2016 ஆகிவிட்டது. தினமும் மிதிக்கிற மேயர் இருந்தும் வண்ணத்திலிருந்து கல்லுக்கு வர ஆறு வருடம்.

நம்மிடமும் நீலம் உண்டு. 2018-ல் கோலாலம்பூர் நகர மையத்தில் சாலையோரமாக நீலப் பட்டை அடித்தார்கள். கொஞ்ச நாளில் அதன்மேல் கார்கள் நின்றன, மோட்டார்கள் ஓடின. வண்ணத்துக்கு யார் பயப்படுவார்? டத்தாரான் மெர்டேக்காவிலிருந்து மிட்வேலி வரை 2015-ல் போட்ட சைக்கிள் பாதையின் யோசனை இதைவிட மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபெடரல் நெடுஞ்சாலையில் 1970களிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்ட நாடு இது. இரண்டு சக்கரத்தைப் பிரித்துவிட நமக்குத் தெரியாமல் இல்லை.

கார் இல்லாத காலை என்று சில ஞாயிறுகளில் நகரச் சாலைகளை மூடி, குடும்பத்தோடு மிதிக்க விடுகிறார்கள். நானும் பிள்ளைகளோடு போயிருக்கிறேன், அருமையாக இருக்கும். ஆனால் அங்கே லோரி கிடையாது, நிறுத்திய கார் கிடையாது. அதில் மட்டும் மிதிக்கிற தலைவருக்குச் சாலை தெரியாது.

நிறுத்திய கார் என்றதும் ஜாலான் ஈப்போவில் விழுந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். அறுபது தாண்டியவர், காலையில் பசாருக்கு மிதிக்கிறவர். ஓரமாக நின்ற காரில் ஓட்டுநர் கதவைத் திறக்க, நேராக அதில் மோதி விழுந்தார். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம் என்பதால், அவர் கதவு திறப்பது சாலைக்குள்தான். கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாக வலப்பக்கம் திரும்பும், கண் பின்னால் வருகிறவரைப் பார்த்துவிடும். மிதிக்கிறவர்கள் நின்ற கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போக வேண்டும். சிக்னலில் நிற்கும் லோரிக்கு இடப்பக்கம் நுழையவே கூடாது; அது இடது திரும்பினால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

அந்தப் பெரியவர் செய்த அடுத்த தப்பு எனக்கு அடிக்கடி பார்த்துச் சலித்தது. எக்ஸ்ரே எடுக்காமல் ஒரு வாரம் எண்ணெய் போட்டு உருவிவிட்டிருந்தார்கள். அடிபட்ட முழங்கையை அழுத்தி உருவினால், எலும்பு வளரக்கூடாத இடத்தில் வளரலாம். வீக்கம் இருந்தால் முதலில் படம் எடுங்கள், உருவுவது வேண்டாம். அவர் கை இன்றைக்கும் முழுசாக நீளவில்லை.

டத்தோ பண்டாரைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் நான் கேட்பது ஒன்றுதான். ஒரு திங்கட்கிழமை, போலீஸ் மோட்டார் முன்னால் போகாமல், படம் பிடிப்பவர் இல்லாமல், செந்தூலில் கிளம்பி ஜாலான் ஈப்போ, சௌகிட் வழியாக பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வாருங்கள். வந்து சேர்ந்ததும் எங்கே கல் தடுப்பு வேண்டும், எந்த லோங்காங் (சாக்கடை) மூடிக் கம்பியில் சக்கரம் மாட்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். அந்தக் காகிதம் அடுத்த பட்ஜெட்டுக்குள் போகட்டும்.

பயிற்சியின்போது இதைப் பெரியவரிடம் சொன்னேன். கையை நீட்டியபடியே கேட்டார்: "எத்தனை மணிக்கு வருவாரும்மா? நான் அஞ்சரைக்கே கிளம்பிடுவேன்."