நீதிபதி நாற்காலி எப்போது காலியாகும்?

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தல் ஆண்டு வந்தால் ஒரு எச்சரிக்கையும் கூடவே வரும்: ‘மூன்றாவது கட்சிக்குப் போட்டு ஓட்டைப் பிரிக்காதீர்கள், உச்ச நீதிமன்றம் முப்பது வருஷத்துக்கு அவர்கள் கைக்குப் போய்விடும்.’ நம்மூரில் ஓட்டுப் பிரிவதைப் பார்த்துப் பழகிய வாசகர் ஒருவர், “பிரிவது புரிகிறது. அது நீதிபதி நியமனம் வரை எப்படிப் போகிறது?” என்று கேட்டிருக்கிறார். ஓட்டுப்பெட்டிக்கும் நீதிபதி நாற்காலிக்கும் நடுவே சில பல்சக்கரங்கள் சுழல்கின்றன. அவற்றில் ஒன்று சுழல்வது நிகழ்தகவால். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

அடிப்படை விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடலாம். உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். ஆயுள் முழுக்கப் பதவி, ஓய்வு வயது கிடையாது. இடம் காலியானால் ஜனாதிபதி ஒருவரை முன்மொழிவார், நாடாளுமன்றத்தின் மேலவையான, நூறு பேர் கொண்ட செனட் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனாதிபதியைத் தேர்ந்தெடுப்பது மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட 538 தேர்வாளர்கள், ஜெயிக்க 270 வேண்டும். ஐம்பதில் 48 மாநிலங்களில் யார் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும் அவருக்கே. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஓட்டுப் பிரிவதற்கான வாசல் அங்கேதான் திறக்கிறது.

2000-ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலின் முடிவே ஃபுளோரிடா மாநிலத்தில் தொங்கியது. அங்கே குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ் வாங்கியது 29,12,790. ஜனநாயகக் கட்சியின் அல் கோர் 29,12,253. வித்தியாசம் 537. பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. நேடர் நிற்காமல் இருந்திருந்தால் அந்த ஓட்டெல்லாம் கோருக்குப் போயிருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் தேவைப்படவில்லை. நேடருக்குப் போட்ட ஒவ்வொரு ஆயிரம் பேரிலும் 600 பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள், மீதி 400 பேரில் 203 பேர் கோருக்கும் 197 பேர் புஷ்ஷுக்கும் போட்டார்கள் என்று வையுங்கள். ஆயிரத்துக்கு ஆறு ஓட்டு மிச்சம். 97,488-க்குக் கணக்குப் போட்டால் சுமார் 585, கோர் ஜெயித்துவிடுவார். நிஜத்தில் பிளவு இதைவிடப் பெரிதாகவே இருந்திருக்கும். மைக்கேல் ஹெரன், ஜெஃப்ரி லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஃபுளோரிடா வாக்குச்சீட்டுகளின் மின்பதிவுகளை எடுத்து, நேடருக்குப் போட்ட அதே சீட்டில் மற்ற பதவிகளுக்கு யாருக்குக் குத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தார்கள். கோர் பக்கம் சாய்ந்தவர்கள் ஏறக்குறைய 60 சதவீதம், புஷ் பக்கம் 40.

பழியை நேடர் ஒருவர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. அந்தச் சீட்டில் பத்து வேட்பாளர்கள் இருந்தார்கள். புஷ், கோர் தவிர்த்த எட்டுப் பேருமே 537-க்கு மேல் வாங்கியவர்கள். கடைசியில் வந்த சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்காரருக்குக்கூட 562. தராசு இவ்வளவு சமமாக நிற்கும்போது எந்தத் துரும்பையும் காரணமாகக் காட்டிவிடலாம்.

சரி, கோர் தோற்றார். நீதிபதி நாற்காலி என்ன ஆயிற்று? 2001 ஜனவரியிலிருந்து 2005 ஜனவரி வரை, புஷ்ஷின் முதல் நான்கு ஆண்டுகளில், ஒன்றுகூடக் காலியாகவில்லை. ஜான் ராபர்ட்ஸும் சாமுவேல் அலிட்டோவும் வந்தது, 2004-இல் புஷ் மறுபடி ஜெயித்த பிறகு. 2000-இல் நேடருக்கு விழுந்த ஓட்டு அந்த நான்கு ஆண்டுகளில் ஒரு நீதிபதியைக்கூட மாற்றவில்லை. ஆனால் டொனால்டு டிரம்ப் தன் முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று பேரை நியமித்தார். ஜிம்மி கார்ட்டர் 1977 முதல் 1981 வரை முழுப் பதவிக்காலம் இருந்தும் ஒருவரைக்கூட நியமிக்க வாய்க்கவில்லை. இதை ராசி என்பவர்கள் உண்டு. ராசிக்கு இங்கே வேலையே இல்லை, இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது.

1936-இல் ஆலன் வாலிஸ் என்ற புள்ளியியலாளர் ஒரு சின்ன ஆய்வுக் குறிப்பு எழுதினார். 1837 முதல் 1932 வரை 96 ஆண்டுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆண்டிலும் உச்ச நீதிமன்றத்தில் எத்தனை இடங்கள் நிரப்பப்பட்டன என்று எண்ணினார். ஒன்றுமே இல்லாத ஆண்டுகள் 59. ஒரு நியமனம் நடந்தவை 27. இரண்டு நடந்தவை 9. மூன்று நடந்தது ஒரே ஒரு ஆண்டு. மொத்தம் 48 நியமனங்கள், ஆண்டுக்குச் சராசரி அரை.

இப்போது நீதிபதிகளைப் பற்றி எதுவுமே தெரியாதவர் மாதிரி யோசித்துப் பாருங்கள். ஒன்பது பேர். ஆண்டுச் சராசரி அரையை ஒன்பதால் வகுத்தால், ஒரு வருஷத்துக்குள் ஒருவர் இறந்துபோகவோ விலகவோ பதினெட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒருவருக்கு நடப்பது இன்னொருவரைப் பாதிக்காது. ஒருவர் அந்த வருஷம் நாற்காலியிலேயே இருக்க வாய்ப்பு 17/18. ஒன்பது பேரும் இருக்க 17/18-ஐ ஒன்பது முறை பெருக்க வேண்டும், கிடைப்பது 0.598. அதாவது நூறு ஆண்டுகளில் சுமார் 60 ஆண்டுகள் ஒரு இடமும் காலியாகாமல் கழியும். வாலிஸ் எண்ணியது 96-க்கு 59.

அரிதாக நடக்கும், ஒன்றையொன்று சாராத சம்பவங்கள் பலருக்கிடையே சிதறிக் கிடந்தால் அவை எப்படிக் கொத்துக்கொத்தாக விழும் என்று சொல்வதுதான் பாய்சான் பரவல். பிளஸ் டூ புள்ளியியலில் படித்திருப்பீர்கள். அதற்கு ஒரே ஒரு எண் போதும், சராசரி. சராசரி 0.5 என்று கொடுத்தால் 96 ஆண்டுகளுக்கு அது சொல்லும் விடை: பூஜ்ஜியம் 58 ஆண்டுகள், ஒன்று 29, இரண்டு 7, மூன்று 1. நிஜம்: 59, 27, 9, 1. உள்நாட்டுப் போர் வந்து போனது, நீதிபதிகளின் எண்ணிக்கையே சில ஆண்டுகள் ஏறி இறங்கியது, எத்தனையோ ஜனாதிபதிகள் மாறினார்கள். அவ்வளவுக்கும் பிறகு கணக்கு இத்தனை நெருக்கமாக வந்து உட்காருகிறது. பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்தவர்களின் எண்ணிக்கையை 1898-இல் போர்ட்கீவிச் இதே பரவலில் பொருத்திக் காட்டினார். குதிரையின் உதைக்கும் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் ஒரே சூத்திரம் என்பது புள்ளியியல் தரும் மிக அழகான காட்சிகளில் ஒன்று.

இதை இன்றைய தேர்தலுக்குக் கொண்டுவர ஒரு திருத்தம் வேண்டும். நீதிபதிகள் இப்போது நீண்ட காலம் இருக்கிறார்கள். 1975 முதல் 2024 வரை ஐம்பது ஆண்டுகளில் புதிதாக வந்தவர்கள் 16 பேர்தான். ஆண்டுக்கு 0.32, நான்கு ஆண்டுப் பதவிக்காலத்துக்கு 1.28. பாய்சான் சூத்திரத்தில் போட்டால் ஒரு பதவிக்காலத்தில் ஒரு இடமும் காலியாகாமல் போக வாய்ப்பு 28 சதவீதம். ஒன்று மட்டும் காலியாக 36. இரண்டு, 23. மூன்றோ அதற்கு மேலோ, 14. ‘இந்தத் தேர்தலில் மூன்று நீதிபதிகள் நிற்கிறார்கள்’ என்று மேடையில் முழங்குபவர் ஏழில் ஒரு வாய்ப்பை நிச்சயம் என்று விற்கிறார். ‘நீதிபதிகள் எல்லாம் பூச்சாண்டி’ என்பவரும் தப்பு. ஒன்றாவது காலியாக 72 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 2016 தேர்தல் தனி ரகம். அன்டனின் ஸ்காலியா பிப்ரவரியிலேயே இறந்துவிட்டார். ஓட்டுப்போடும் நாளில் ஒரு நாற்காலி ஏற்கெனவே காலியாகக் கிடந்தது. அதற்கு நிகழ்தகவே தேவையில்லை.

சூத்திரம் எங்கே சறுக்கும்? ‘ஒருவருக்கு நடப்பது இன்னொருவரைப் பாதிக்காது’ என்ற இடத்தில். மரணம் தேதி பார்த்து வராது, ராஜினாமா பார்த்துத்தான் வரும். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு முதல் நான்கு ஆண்டுகளில் ஒரு நியமனமும் இல்லை. 1937 மார்ச்சில் விலகும் நீதிபதிகளுக்கு முழுச் சம்பளம் தரும் சட்டம் வந்தது. மே மாதமே வில்லிஸ் வான் டெவன்டர் விலகல் கடிதம் கொடுத்தார். அந்த இரண்டாவது பதவிக்காலத்தில் ஐந்து நியமனங்கள். அண்மைக் காலத்தில், குடியரசுக் கட்சியின் ரீகன் நியமித்த அந்தோணி கென்னடி 2018-இல் அதே கட்சி ஆட்சியில் விலகினார், ஜனநாயகக் கட்சியின் கிளிண்டன் நியமித்த ஸ்டீஃபன் பிரையர் 2022-இல் அதே கட்சி ஆட்சியில் விலகினார். ரூத் பேடர் கின்ஸ்பர்க் விலகாமலே இருந்து 2020 செப்டம்பர் 18 அன்று 87 வயதில் காலமானார்.

அடுத்த பல்சக்கரம் செனட். ஸ்காலியாவின் இடத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை எதிர்க்கட்சிப் பெரும்பான்மை 293 நாள் விசாரணைக்கே எடுக்கவில்லை. கின்ஸ்பர்க் இறந்து 38-ஆம் நாள், தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, டிரம்ப் முன்மொழிந்த ஏமி கோனி பாரெட் 52-48 என்று ஒப்புதல் பெற்றார். செனட் யார் கையில் என்பதுதான் இரண்டு முறையும் தீர்மானித்தது. இதைச் சேர்க்காமல் ஜனாதிபதி ஓட்டை மட்டும் வைத்து நீதிமன்றத்தைக் கணிப்பது பாதிக் கணக்கு.

மூன்றாவது கட்சி ஓட்டு நீதிமன்றத்தின் வாசல்வரை போனதைப் பார்க்க ஃபுளோரிடாவைவிட ஜார்ஜியா நல்ல உதாரணம். அங்கே சட்டம் வேறு: ஐம்பது சதவீதத்தைத் தாண்டினால்தான் வெற்றி, இல்லாவிட்டால் முதல் இருவருக்குள் இன்னொரு தேர்தல். 2020 நவம்பர் செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டியூ 49.7 சதவீதம் வாங்கி முன்னால் நின்றார். எல்லைக்கோட்டுக்குச் சுமார் 13,500 ஓட்டுக் குறைவு. லிபர்டேரியன் கட்சி ஷேன் ஹேசல் வாங்கியது 1,15,000. 2021 ஜனவரி 5 அன்று நடந்த இரண்டாம் சுற்றில் ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசஃப் சுமார் 55,000 ஓட்டில் ஜெயித்தார். அதே நாளில் இன்னொரு ஜார்ஜியா இடமும் ஜனநாயகக் கட்சிக்குப் போக, செனட் 50-50 ஆனது. சமநிலையை உடைக்கும் ஓட்டு துணை ஜனாதிபதி கமலா ஹாரிஸிடம். 2022 ஏப்ரலில் ஜனாதிபதி ஜோ பைடன் முன்மொழிந்த கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 53-47 என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று குடியரசுக் கட்சியினரும் அவருக்குப் போட்டார்கள் என்பது உண்மை. ஆனால் எதை விவாதத்துக்கு எடுப்பது என்ற சாவி பெரும்பான்மைத் தலைவர் கையில் இருக்கிறது, கார்லண்டுக்கு நடந்தது அதுதான்.

அந்த இரண்டாம் சுற்றுக்கு இரண்டு மாதம் ஆயிற்று, கோடிக்கணக்கில் பணமும். வேட்பாளர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று விருப்பப்படி வரிசைப்படுத்தச் சொல்லி அதையே ஒரே சீட்டில் முடிப்பதுதான் தரவரிசை வாக்குமுறை. வி.வி. கிரி 1969-இல் ஜனாதிபதி ஆனது இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான், இலங்கையில் 2024-இல் இரண்டாம் எண்ணிக்கை முதல்முறையாக நடந்தது. அமெரிக்காவில் மெயின் மாநிலம் 2018-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இதைக் கொண்டுவந்தது. இரண்டாம் தொகுதியில் முதல் எண்ணிக்கை: புரூஸ் பொலிக்வின் 1,34,184, ஜாரெட் கோல்டன் 1,32,013, சுயேச்சைகள் பாண்ட் 16,552, ஹோர் 6,875. யாருக்கும் பாதி இல்லை. கடைசி இருவரையும் நீக்கினால் 23,427 சீட்டுகள். ஒவ்வொன்றிலும் அடுத்த விருப்பம் யார் என்று பார்க்க வேண்டும். கோல்டனுக்கு 10,427, பொலிக்வினுக்கு 4,747. மீதி 8,253 சீட்டுகளில் இவர்கள் இருவருக்கும் எண்ணத்தக்க விருப்பம் இல்லை. அங்கே விதி கறாரானது: ஒரே தரவரிசையில் இருவரைக் குறித்திருந்தாலோ, அடுத்தடுத்து இரண்டு வரிசைகளைக் காலியாக விட்டிருந்தாலோ அதற்குப் பிறகு சீட்டு எண்ணப்படாது. முடிவு, கோல்டன் 1,42,440, பொலிக்வின் 1,38,931.

ஒவ்வொரு சீட்டின் வரிசையையும் மாநிலம் கோப்பாக வெளியிட்டதால்தான் இந்தக் கணக்கை யாரும் சரிபார்க்க முடிகிறது. தேர்தல் ஆய்வுக்கு இதைவிட மலிவான மூலப்பொருள் இல்லை. ஓட்டு எண்ணும் முறையை ஆராய்வதைவிட ஒரு குடியரசுக்கு அவசியமான அறிவியல் குறைவு.

இந்த முறையிலும் கோளாறு உண்டு. 2022 ஆகஸ்டில் அலாஸ்காவில் நடந்த நாடாளுமன்ற இடைத்தேர்தலில் மேரி பெல்டோலா, சாரா பேலின், நிக் பெகிச் மூவர் நின்றார்கள். பெகிச் மூன்றாமிடம், நீக்கப்பட்டார். பெல்டோலா 91,266-க்கு 86,026 என்று பேலினை வென்றார். ஆனால் சீட்டுகளை ஜோடி ஜோடியாக எண்ணினால் பெகிச் இருவரையுமே தனித்தனியாகத் தோற்கடிக்கிறார். பலருக்கு இரண்டாவது விருப்பமாகவும் சிலருக்கே முதல் விருப்பமாகவும் இருக்கும் நடுவாந்தர வேட்பாளரை இந்த எண்ணிக்கை சீக்கிரமே வெளியே தள்ளிவிடும்.

மெயினில் பொலிக்வின் சும்மா இருக்கவில்லை. முதல் சுற்றில் அதிக ஓட்டு வாங்கியவரே வெற்றியாளர், மற்றது அரசியலமைப்புக்கு விரோதம் என்று கூட்டாட்சி நீதிமன்றம் போனார். எண்ணிக்கையை நிறுத்த மறுத்தவரும், 2018 டிசம்பர் 13 அன்று வழக்கையே தள்ளுபடி செய்தவரும் நீதிபதி லான்ஸ் வாக்கர். அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தது அதே ஆண்டு டிரம்ப்.