ரத்தப் பை காட்டும் டெங்கு

டெங்கு வைரஸ் உடம்பில் புகுந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு ஒன்றுமே தெரியாது. காய்ச்சல் வரப்போகிறவருக்கும் அதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வைரஸ் ரத்தத்தில் ஓடத் தொடங்கிவிடும். இப்படி நன்றாக நடமாடுகிறவர் வட சென்னையின் ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலோ திருவொற்றியூர் முகாமிலோ 350 மில்லி கொடுத்துவிட்டுப் போனால், காய்ச்சல் கணக்கில் ஏறாத தொற்று மாதிரிக் குழாயில் சிக்கும். ஊரில் டெங்கு எங்கே, எவ்வளவு பரவுகிறது என்பதை இதை வைத்துக் கணிக்கலாம்.

ஆனால் தேடினால்தான் சிக்கும். நம் ரத்த வங்கிகளில் கட்டாயச் சோதனைகள் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும்தான். அமெரிக்காவில் 2002-இல் கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் வைரஸ் ரத்தம் ஏற்றியதால் 23 பேருக்குப் பரவியது. மறு ஆண்டே கொடை ரத்தத்தில் அதைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். 2013-14 ஜிகா பரவலின்போது பிரெஞ்சு பாலினீசியாவில் 1,505 கொடையாளர்களைச் சோதித்ததில் 42 பேர் ரத்தத்தில் வைரஸ் இருந்தது.

எதைத் தேடுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். முன்பு எப்போதோ தொற்றியதைக் காட்டும் ஐ.ஜி.ஜி. எதிர்ப்பொருள் இங்கே உதவாது: 2011-இல் சென்னையில் சோதித்தவர்களில் 93 சதவீதம் பேருக்கு அது ஏற்கெனவே இருந்தது. புதிய தொற்றில் முதலில் வரும் ஐ.ஜி.எம். எதிர்ப்பொருள் மூன்று மாதம்கூட நீடிக்கும். போன மழைத் தொற்றையும் இந்த வாரத் தொற்றையும் பிரிக்காது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. ஏறக்குறைய ஒரு வாரம்தான் ரத்தத்தில் நிற்கும். அதனால் கணக்கும் எளிது: இன்று 500 பைகளுக்கு ஒன்றில் ஆர்.என்.ஏ. இருந்தால், வாரத்துக்கு ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்குப் புதிதாகத் தொற்றுகிறது.

மரபுப்பொருளைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். சோதனையின் செலவைக் குறைக்க ஆறு மாதிரிகளைக் கலந்து ஒரே சோதனையாகச் செய்யலாம். பாசிட்டிவ் வந்த கலவையை மட்டும் பிரித்துப் பார்த்தால் போதும். நூறில் ஒருவருக்குத் தொற்று இருக்கும்போது 100 மாதிரிக்கு ஏறக்குறைய 23 சோதனைதான் ஆகும். பத்தில் ஒருவர் என்றானால் 64 ஆகிவிடும். தொற்று கூடக்கூடக் கலப்பதால் வரும் லாபம் குறையும். கலப்பதால் வைரஸ் ஆறில் ஒரு பங்காக நீர்க்கும், பி.சி.ஆரில் இரண்டரைச் சுற்று தாமதமாகத் தெரியும். வைரஸ் குறைவாக உள்ளவர் தப்பிப்பது இங்கேதான்.

குழாயில் கோட்டை விடுவதும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. சேர்த்த, ஊதா மூடி போட்ட குழாய்தான் வேண்டும். பச்சை மூடிக் குழாயில் இருக்கும் ஹெபாரின் பி.சி.ஆரையே முடக்கி, தொற்றுள்ளவரை நெகட்டிவ் என்று காட்டிவிடும். முகாமில் வெயிலில் கிடந்த குழாயிலும் ஆர்.என்.ஏ. சிதையும்.

இவற்றைவிடப் பெரிய சிக்கல் முகவரி. நோயாளிக்காக ரத்தம் கொடுக்க பொன்னேரியிலிருந்து வந்த மைத்துனரின் பை ஆஸ்பத்திரி இருக்கும் ராயபுரம் கணக்கில் ஏறிவிடும். ஏடிஸ் கொசு சாதாரணமாக ஓரிரு நூறு மீட்டருக்கு மேல் பறக்காது, கடிப்பதும் பகலில்தான். எனவே கடந்த இரண்டு வாரம் எங்கே தங்கினார், எங்கே வேலை பார்த்தார் என்று இரண்டு பின்கோடுகளையும் படிவத்தில் வாங்க வேண்டும். 600081 என்று வந்தால், கொசுப் பணியாளர்கள் தண்டையார்பேட்டைத் தெருக்களில் டிரம், சிமென்ட் தொட்டிகளைத் திறந்து பார்க்கலாம்.

18 வயதுக்குக் கீழே யாரும் ரத்தம் கொடுப்பதில்லை. காய்ச்சலோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே குழந்தைகளின் நிலவரத்துக்கு ஆஸ்பத்திரிக் காய்ச்சல் பதிவேட்டைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.