மக்கள் முன்னணி (நரோத்னி ஃப்ரோன்ட்)

ரஷ்யச் செய்திகளில் 'ஓ.என்.எஃப்.' என்று அடிபடும் அமைப்பின் முழுப்பெயர் 'ஒப்ஷெரசீஸ்கி நரோத்னி ஃப்ரோன்ட்'. 'ஒப்ஷெ' என்றால் அனைத்து, 'நரோத்' என்றால் மக்கள். 'ரசீஸ்கி' என்பது ரஷ்ய நாட்டைச் சேர்ந்தது. இனத்தையும் மொழியையும் சொல்ல 'ரூஸ்கி' என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். தமிழில் இரண்டும் 'ரஷ்ய' தான்.

தமிழாக்கும்போது சிக்கல் 'ஃப்ரோன்ட்'டில்தான். லத்தீனில் 'ஃப்ரோன்ஸ்' என்றால் நெற்றி. அங்கிருந்து படையின் முன்வரிசை, போர்முனை என்று பொருள் வளர்ந்து ரஷ்ய மொழிக்குள் வந்தது. 'ஃப்ருன்ட்' என்ற பழைய வடிவமும் உண்டு. 'ஃப்ருன்ட்டில் நிற்பது' என்றால் அதிகாரி முன் விறைத்து நிற்பது.

2011 மே 6, வோல்கோகிராட், அதாவது பழைய ஸ்டாலின்கிராட். நாஜி ஜெர்மனியை வென்றதைக் கொண்டாடும் வெற்றி நாளுக்கு மூன்றே நாள் இருக்க, அப்போது பிரதமராக இருந்த புதின் இந்த முன்னணியை அறிவித்தார். ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் வேட்பாளர் பட்டியலில் கட்சி சாராதவர்களையும் சேர்ப்பது நோக்கம். சங்கங்கள் மொத்தமாகச் சேர்ந்தன. கட்டடக் கலைஞர் சங்கமும் அப்படிச் சேர, 'எங்களை யார் கேட்டது?' என்று உறுப்பினர்கள் சிலர் கொதித்தார்கள். ஃப்ருன்ட் ஞாபகம் வருகிறதா? அந்த டிசம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் கட்சியின் இடங்கள் 315-லிருந்து 238-ஆகச் சரிந்தன. 2013 ஜூனில் முன்னணி தனி இயக்கமானது, தலைவர் புதினே.

இதைக் 'கூட்டணி' என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கூட்டணி என்றால் கட்சிகள் உட்கார்ந்து தொகுதிப் பங்கீடு பேச வேண்டும். இங்கே பேரத்துக்கு ஆளே இல்லை. 'முன்னணி' பொருந்துகிறது: முன் + அணி, அணி என்றால் படைவரிசை. இன்னும் பழைய சொல் வேண்டுமானால் 'தார்'. 'தார்தாங்கிச் செல்வது தானை' என்ற குறளுக்குப் பரிமேலழகர் அதைத் 'தூசி', அதாவது முன்னணிப்படை, என்கிறார். ஆனால் 'மக்கள் தார்' என்றால் யாருக்கும் ரோடுதான் நினைவுக்கு வரும்.

ரோடு என்றதும், இவர்களுடைய 'கொல்லப்பட்ட சாலைகளின் வரைபடம்' ஒன்று உண்டு. குண்டும் குழியுமான சாலைக்கு ரஷ்யப் பேச்சில் அதுதான் பெயர். மக்கள் அவற்றைக் குறித்து அனுப்புவார்கள். அரசுக் கொள்முதலில் வீண்செலவைத் தேடும் வேலையும் நடந்தது.

2022-இல் உக்ரைன் போர் தொடங்கிய பின் ரஷ்யப் படைக்குப் பணமும் பொருளும் திரட்டும் திட்டத்துக்கு முன்னணி வைத்த பெயர் 'எல்லாம் வெற்றிக்கு!'. இரண்டாம் உலகப்போரில், 1941-இல் எழுந்த சோவியத் முழக்கத்தில் பின்பாதி அது. முன்பாதி, 'எல்லாம் ஃப்ரோன்ட்டுக்கு'. அந்த இடத்தில் மட்டும் 'முன்னணி' போடாதீர்கள், அது போர்முனை.