மூளையின் அழற்சி ரத்தத்தில் எப்படித் தெரிகிறது?

மறதி அதிகமாகிவிட்ட அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில், அழற்சியைக் காட்டும் சிஆர்பி கூடுதலாக இருக்கிறது. அல்சைமர் நோயில் மூளைக்குள் அழற்சி உண்டு என்று எங்கோ படித்த பிள்ளைகள் இரண்டையும் முடிச்சுப்போட்டுக் கலங்கிப்போகிறார்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம். உடம்பில் எங்கே அழற்சி வந்தாலும் ஏறும். நெஞ்சுச்சளி, ஈறு வீக்கம், மூட்டுவாதம், உடல் பருமன் என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இன்டர்லூக்கின்-6 என்ற இன்னொரு குறிகாட்டியும் அப்படித்தான். அல்சைமர் நோயாளிகளையும் மற்றவர்களையும் கூட்டமாக ஒப்பிட்ட சில ஆய்வுகளில் நோயாளிகளின் சராசரி சற்றுக் கூடுதலாக இருந்தது. ஆனால் தனி ஒருவரின் அளவை வைத்து நோயைச் சொல்ல முடியாது.

சரி, மூளைக்குள் என்ன நடக்கிறது? நரம்பணுக்களுக்கு வெளியே அமிலாய்டு என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிகிறது. மூளையின் துப்புரவுப் பணியாளர்களான மைக்ரோகிளியா செல்கள் அதைச் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கின்றன. படிவு தீராததால் அவை ஆண்டுக்கணக்கில் கிளர்ந்தே இருந்து, பக்கத்து நரம்பணுக்களையும் புண்படுத்துகின்றன. அதற்காக மைக்ரோகிளியாவை எதிரி என்று நினைத்துவிடக் கூடாது. அவற்றின் டிரெம்2 மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் இருந்தால் அவை மந்தமாகின்றன. அப்போது நோய் வரும் அபாயம் பல மடங்கு கூடுகிறது. நாப்ராக்சென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2003-ல் வெளியானது. நோயின் வேகம் குறையவில்லை.

மூளையிலிருந்தே கிளம்பி வரும் சேதி வேண்டுமென்றால் ஜிஎஃப்ஏபி என்ற புரதத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆஸ்ட்ரோசைட் என்னும் நட்சத்திர வடிவ மூளைச் செல்களுக்குள் சட்டகம்போல் இருப்பது அது. அமிலாய்டு படியும்போது இந்தச் செல்கள் தடித்து, ஜிஎஃப்ஏபியை அதிகமாக உண்டாக்குகின்றன. அதில் துளி ரத்தத்துக்கு வந்துசேர்கிறது.

துளி என்றால் நிஜமாகவே துளிதான். ஒரு மில்லிலிட்டர் ரத்தநீரில் ஏறத்தாழ 100 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). ஆரோக்கியமானவரிடம் உள்ள சிஆர்பிகூட இதைப்போலப் பல ஆயிரம் மடங்கு இருக்கும். இவ்வளவு சிறியதை எப்படி அளப்பது? சிமோவா என்ற முறையில், மூன்று மைக்ரோமீட்டர்கூட இல்லாத காந்த மணிகள் மீது, இந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைப் பூசுகிறார்கள். புரதத்தைப் பிடித்த மணியில் ஒரு நொதியை ஒட்டுகிறார்கள். மணிகள் நுண்குழிகளில், குழிக்கு ஒன்றாக விழுகின்றன. நொதி உள்ள குழி ஒளிரும். அப்புறம் ஒளிரும் குழிகளை எண்ண வேண்டியதுதான்.

மறதி தொடங்கும் முன்பே, அமிலாய்டு சேரும் காலத்திலேயே ஜிஎஃப்ஏபி ஏறிவிடுகிறது. என்னை மிகவும் ஈர்த்தது இதுதான். ஆனால் தலையில் அடிபட்டாலும் அது ஏறும். அதனால் நோயைக் கண்டறிய, நரம்பணுக்களில் உள்ள டவ் புரதத்தின் மாறிய வடிவமான பி-டவ்217-ஐயே மருத்துவர்கள் அதிகம் நம்புகிறார்கள். 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரத்தப் பரிசோதனை, பி-டவ்217-க்கும் அமிலாய்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் பார்க்கிறது.

ஜிஎஃப்ஏபிக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது: சிகிச்சை பலிக்கிறதா என்று காட்டுவது. அமிலாய்டை அகற்றும் லெகனெமாப், டொனனெமாப் மருந்துகளின் சோதனைகளில், படிவு கரையக் கரைய ரத்தத்தில் ஜிஎஃப்ஏபியும் இறங்கியது.