ரத்தத்தில் தேடினால் கிடைக்காத டி செல்கள்

நோய் எதிர்ப்பு சக்தியை அளக்க வேண்டும் என்றால் நாம் ரத்தத்தைத்தான் எடுத்துப் பார்ப்போம். நுரையீரலைப் பொறுத்தவரை அது பாதிக் கணக்குதான், ஏனென்றால் அங்கே இருக்கும் நினைவு டி செல்களில் (முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் வெள்ளையணுக்கள்) பெரும்பகுதி ரத்தத்துக்குத் திரும்பி வருவதே இல்லை.

ஃப்ளூ வைரஸ் முதல்முறை தாக்கும்போது, அதை அடையாளம் காணும் டி செல்கள் நிணநீர்க் கணுக்களில் பல்கிப் பெருகி, ரத்தம் வழியாக நுரையீரலுக்குப் போய், வைரஸ் புகுந்த செல்களைக் கொல்கின்றன. வேலை முடிந்ததும் பெரும்பாலானவை செத்துப்போகும். மிஞ்சியவற்றில் ஒரு பகுதி ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்க, இன்னொரு பகுதி நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. இவைதான் திசுவில் தங்கும் நினைவு டி செல்கள்.

சரி, ஏன் வெளியே போவதில்லை? ரத்தத்திலும் நிணநீரிலும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற கொழுப்பு மூலக்கூறு அதிகமாகவும் திசுக்களுக்குள் குறைவாகவும் இருக்கும். மற்ற டி செல்கள் அதை உணரும் ஏற்பியை வைத்து, அது அதிகமுள்ள பக்கமாக நகர்ந்து வெளியேறிவிடும். தங்கும் செல்களின் மேற்பரப்பில் உள்ள சிடி69 என்ற புரதமோ அந்த ஏற்பியையே பிடித்துச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது, அதனால் வெளியேறச் சொல்லும் சமிக்ஞை அவற்றுக்கு எட்டுவதே இல்லை. பல செல்களில் சிடி103 என்ற இன்னொரு புரதமும் உண்டு. மூச்சுப்பாதையின் உட்சுவர் செல்களில் இருக்கும் ஈ-கேடரின் என்ற ஒட்டும் புரதத்தைப் பற்றிக்கொள்ள அது உதவுகிறது.

இதை உறுதிசெய்த சோதனை கொஞ்சம் கொடூரமானது. 2 எலிகளை அறுவை சிகிச்சை செய்து ஒட்டவைத்து, ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கிவிடுவார்கள். ரத்தத்தில் திரியும் செல்கள் இரண்டு உடலிலும் கலந்துவிடும், தங்கும் செல்கள் மட்டும் சொந்த எலியிலேயே நிற்கும். மனிதர்களில் இதற்குச் சாட்சி நுரையீரல் மாற்று சிகிச்சை: தானம் கொடுத்தவரின் டி செல்கள், ஓராண்டுக்குப் பிறகும் அந்த நுரையீரலில் உயிரோடு இருந்ததைப் பார்த்திருக்கிறார்கள்.

இவற்றால் கிடைக்கும் பெரிய லாபம் வேகம். நிணநீர்க் கணுவிலிருந்து படை கிளம்பி வர நாட்கள் ஆகும். ஏற்கெனவே அங்கேயே இருக்கும் செல்லோ சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்து செல்களை உஷார்ப்படுத்தி, மற்ற எதிர்ப்பு செல்களையும் வரவழைத்துவிடும். அப்புறம், ஃப்ளூ வைரஸ் ஆண்டுதோறும் மாற்றிக்கொள்வது பெரும்பாலும் அதன் வெளிப்புரதங்களைத்தான். டி செல்கள் பலவும் அதிகம் மாறாத உள்புரதங்களின் துணுக்குகளை அடையாளம் காண்பவை. அதனால் புதிய ரகம் வந்தாலும் ஓரளவு சமாளிக்கும். தொற்றை முழுக்கத் தடுக்காது, தீவிரத்தைக் குறைக்கும்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டில் ஒரு விசித்திரம் உண்டு. தோலில் இத்தகைய செல்கள் நெடுங்காலம் நீடிக்கும், எலியின் நுரையீரலிலோ ஃப்ளூவுக்குப் பின் சில மாதங்களில் கரைந்துவிடுகின்றன. அதே கிருமியை மீண்டும் மீண்டும் சந்தித்தால் ஆயுள் கூடுகிறது. இதை நான் குறைபாடாக மட்டும் பார்க்கமாட்டேன். காற்றும் ரத்தமும் வாயுக்களைப் பரிமாறும் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எப்போதும் ஆயுதம் ஏந்திய செல்கள் குவிந்திருந்தால் மூச்சுக்கே ஆபத்து. ஆஸ்துமாவில் நடப்பதில் ஒரு பகுதி இதுதான்: தூசுப்பூச்சி போன்ற ஒவ்வாமைப் பொருளை நினைவில் வைத்த செல்கள் நுரையீரலிலேயே தங்கி, அது வரும்போதெல்லாம் அழற்சியைக் கிளப்புகின்றன. வயதான எலிகளில் ஃப்ளூவுக்குப் பிறகு இவை அளவுக்கு மீறித் தங்கி, நுரையீரல் நாள்பட்டுப் பாதிக்கப்பட்டதையும் கண்டிருக்கிறார்கள்.

தடுப்பூசி ஆய்வாளர்களுக்கு இதுதான் தலைவலி. கையில் போடும் செயலிழந்த வைரஸ் ஊசி ஆன்டிபாடியைத் தருமே தவிர, எலிகளின் நுரையீரலில் இந்த செல்களை உருவாக்கவில்லை. மூக்கு வழியாகக் கொடுத்த, பலவீனமாக்கப்பட்ட உயிருள்ள வைரஸ் உருவாக்கியது. காசநோயில் 2020இல் வந்த ஒரு முடிவு இன்னும் ஆச்சரியம்: உயிருள்ள பாக்டீரியா கொண்ட பிசிஜி தடுப்பூசியை நேரடியாக ரத்தநாளத்தில் செலுத்திய 10 குரங்குகளில் 9 பாதுகாக்கப்பட்டன, அவற்றின் நுரையீரலில் இந்த செல்கள் ஏராளம். ஆனால் உயிருள்ள பாக்டீரியாவை மனிதர்களின் ரத்தநாளத்தில் ஏற்றுவது சுலபமாக எடுக்கக்கூடிய முடிவல்ல. மூக்கு வழி மருந்திலும் சிக்கல் இருக்கிறது: செல்கள் தங்க வேண்டுமானால் உள்ளே கொஞ்சமாவது அழற்சி ஏற்பட வேண்டும், ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் கொஞ்சமே அதிகமாகிவிடலாம்.